இலவச வைத்தியம் உரிமையா, தருமமா?

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் பள்ளிவாசலை விட்டு வெளியேறும் வேளையில், நமது கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கும் அறிவிப்பொன்று உண்டு. இன்ன ஊரில் இன்னாருக்கு இருதயச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. இத்தனை இலட்சம் ரூபா தேவைப்படுகிறது. இயன்றதைத் தந்து உதவுங்கள் என்பதே அவ்வறிவிப்பு. வாசலில் ஒரு சால்வை விரிக்கப்படும். கூலிக்காரன் நூறு ரூபாவையும், கடைக்காரன் ஆயிரம் ரூபாவையும் அதில் இட்டுச் செல்வார்கள். தமிழ் ஊர்களின் கோயில் திருவிழாக்களிலும் இதே வேண்டுகோளைக் கேட்கிறோம். மொழியும் ஒன்று; முறையும் ஒன்று; நோயும் ஒன்று.

கொடுக்கும் மக்களை நாம் மனமாரப் போற்றுகிறோம். அடுத்த வேளைச் சோற்றை எண்ணாமல் அயலான் உயிரை எண்ணும் இந்த ஈகை, நமது மண்ணின் பெருமை. ஆனால், வைத்தியம் இலவசம் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகத்துக்குப் பறைசாற்றிவரும் ஓர் அரசாங்கத்தின் பிரசை, தன் உயிருக்காகச் சால்வை விரிக்க நேர்வது எவ்வாறு? இந்தக் கேள்வியைக் கேட்காமல் சால்வையில் காசிடுவதோடு நமது கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணுவோமானால், நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம்.

சென்ற பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்பு, விவசாயி ஒருவர் நமது காரியாலயத்துக்கு வந்தார். தமது இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைக்க உறுதி எழுத வேண்டும் என்றார். வெள்ளாமை வெட்டப் போகும் வேளையில் ஈடு எதற்கு என வினவினோம். மனைவிக்குச் சிறுநீரக நோய் என்றும், மூன்று மாதங்களாக அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் நடப்பதாகவும் கூறினார். "கட்டிலுக்குக் காசில்லை ஐயா. மற்ற எல்லாத்துக்கும் காசுதான்" என்றார். இரத்தப் பரிசோதனைக்கு வெளியே, ஸ்கேனுக்கு வெளியே, இல்லாத மருந்துக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்பட, அதைக் கொண்டு பாமசிக்கு. மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் போய்வரும் வான் கூலி வேறு. நாம் உறுதியை எழுதினோம். அதற்குரிய கூலியையும் பெற்றோம். அவர் படியிறங்கிச் சென்ற பின்னரே, அந்த நோயின் செலவில் நமது கூலியும் ஒரு பங்கு என்பது நமது நெஞ்சில் உறைத்தது. இவ்வரிகளை எழுதத் தூண்டியது அந்த உறைப்பே.

இது ஒருவருடைய கதை மட்டும் அன்று. இந்நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பத்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட தொகை நோயாளியின் மடியிலிருந்தே நேராகச் செலவாகிறது. இலவச வைத்தியம் என்னும் பெயர்ப்பலகையின் கீழ் நடைபெறும் வியாபாரத்தின் அளவு இது.

இந்த இலவசம் எவ்வாறு வந்தது என்பதை நமது இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் ஏழைக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. வாக்குரிமை பெற்ற மக்கள் ஈக்களைப்போல் மடிவதைக் கண்டும் வாளாவிருந்தால் மறு தேர்தலில் முகங்காட்ட முடியாது என்பதை அன்றைய அரசாங்க சபையினர் உணர்ந்தனர். நாட்டுப்புறங்களில் ஆஸ்பத்திரிகளும் மருந்துச் சாலைகளும் எழுந்தன. 1951ஆம் ஆண்டில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணம் ஒழிக்கப்பட்டது. ஆகவே, இது எந்தப் பிரபுவும் இரங்கித் தந்த தருமம் அன்று. வாக்குச் சீட்டின் வலிமையால் மக்கள் பெற்றது.

பெற்றதைக் காத்தோமா? 1971ஆம் ஆண்டில் இடதுசாரிகள் பங்குகொண்ட அரசாங்கமே வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியது. இருபத்தைந்து சதந்தானே என்று கொழும்பில் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகையோ வெகுவாகக் குறைந்துபோயிற்று. ஏழைக்கும் வைத்தியனுக்கும் இடையே ஒரு சிறு கதவை வைத்தாலும் எத்தனை பேர் வெளியே நின்றுவிடுவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. அந்த 25 சதம் நீக்கப்பட்டது. ஆனால், அதே ஆண்டில் வந்த அதே ஆட்சி, அரசாங்க வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாகத் தொழில் பார்க்கவும் இடமளித்தது. ஒரு கையால் 25 சதத்தைத் திருப்பிக் கொடுத்து, மறு கையால் மாலை வேளைக் கடையைத் திறந்துவிட்டார்கள்.

மருந்தின் கதையும் இதுவே. பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் காட்டிய வழியில் 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. வணிகப் பெயரைத் தள்ளி மருந்தின் மூலப் பெயரிலேயே எழுதுவது, நாட்டுக்குத் தேவையானவற்றை மட்டும் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குவது என்னும் அவரது கொள்கை உலகின் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1977ஆம் ஆண்டில் அவர் கயானா நாட்டில் காலமானார். அதன்பின் இறக்குமதிக் கதவு தனியாருக்கு அகலத் திறந்தது. அவர் வேண்டிய சட்டம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமாக நிறைவேற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன. 2016ஆம் ஆண்டில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டபோது மக்கள் சற்று மூச்சுவிட்டார்கள்.

அந்த மூச்சு நிலைக்கவில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்து நமது விவசாயியின் விளைச்சலைப் பறித்தார்கள். மறு ஆண்டில் நாடு வங்குரோத்தடைந்தது. 2022 மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் உயர்ந்தது. அடுத்த மாதமே 60 வகை மருந்துகளுக்கு மேலும் 40 வீதம் உயர்த்தப்பட்டது. விளைச்சலை இழந்தவனும் மருந்துக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கொடுத்தவனும் ஒரே மனிதன். நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் கடல் கடந்து சென்றனர். தரங்குறைந்த ஊசி மருந்துக் கொள்வனவு தொடர்பாகச் சுகாதார அமைச்சராயிருந்தவரே 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். அவ்விடயம் நீதிமன்றத்துக்கு உரியது. குற்றவாளி யாரென்று நாம் தீர்ப்புக் கூறமாட்டோம். நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்திலும் சந்தேகம் கொள்ள வேண்டிய காலம் வந்ததே என்று மட்டும் வருந்துகிறோம்.

இந்த நிலையைக் கண்டு கொழும்பிலுள்ள அறிஞர் சிலர் ஒரு வழி சொல்கிறார்கள். இலவச வைத்தியம் இனி நடவாது; காப்புறுதியும் தனியார் ஆஸ்பத்திரியுமே மருந்து என்பது அவர்கள் வாதம். நமது வாசகர்களுள் உத்தியோகம் பார்ப்போர் சிலரும் இதற்குத் தலையசைக்கக் கேட்டிருக்கிறோம். அரசாங்க உத்தியோகத்தருக்கு 'அக்ரஹார' காப்புறுதி இருக்கிறது. வங்கியாளருக்கு வங்கி பார்த்துக்கொள்ளும். வயலில் நிற்பவனுக்கும் கடலில் நிற்பவனுக்கும் யார் இருக்கிறார்கள்? அந்த வழியில் நெடுந்தூரம் சென்ற நாடு ஒன்று உண்டு. அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டுத் தலையசைக்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.

அந்நாடு அமெரிக்கா. 1945ஆம் ஆண்டு நவம்பரில் ஜனாதிபதி ட்ரூமன், மக்கள் யாவருக்கும் தேசிய சுகாதாரக் காப்புறுதி வேண்டுமென்று காங்கிரசைக் கேட்டார். இது சமவுடைமை வைத்தியம் என்று கூறி வைத்தியர் சங்கம் பெருஞ் செலவில் பிரசாரம் செய்தது. திட்டம் தோற்றது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள், போரினால் நொடித்துப்போயிருந்த பிரித்தானியா 1948 ஜூலை 5ஆம் திகதி தன் மக்கள் அனைவருக்கும் இலவச வைத்தியத்தை வழங்கிற்று. போரில் வென்று செல்வத்தில் மிதந்த அமெரிக்காவோ, முதியோருக்கும் வறியோருக்கும் மட்டும் உதவும் சட்டத்தை இயற்றவே 1965ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. ஏனையோருக்கு, வேலை தருபவன் தரும் காப்புறுதியே கதி. வேலை போனால் வைத்தியமும் போகும்.

2010ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஒபாமா கொணர்ந்த சட்டம், நோயுள்ளவனுக்குக் காப்புறுதி மறுக்கக்கூடாது என்றது. அதனை ஒழிக்க வழக்காடினார்கள். 2012ஆம் ஆண்டில் ஐவருக்கு நால்வர் என்னும் ஒரே நீதியரசரின் வேறுபாட்டில் அது தப்பியது. 2017ஆம் ஆண்டில் செனற் சபையில் ஒரு சில வாக்குகளால் மீண்டும் தப்பியது. 2025 ஜூலையில் வறியோரின் வைத்திய நிதியை வெட்டும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கி, காப்புறுதி மானியத்தைப் பற்றிய பிணக்கினால் அமெரிக்க அரசாங்கக் காரியாலயங்கள் 43 நாட்கள் முடங்கிக் கிடந்தன.

பணமில்லாமல் நேர்ந்த துன்பமா இது? 2023ஆம் ஆண்டில் அமெரிக்கா தன் தேசிய உற்பத்தியில் 17 வீதத்துக்கு மேல் வைத்தியத்துக்கே செலவிட்டது. அவ்வாறிருந்தும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் காப்புறுதியின்றி வாழ்ந்தனர். நமது நாடு செலவிடும் பங்கு அதில் நாலில் ஒன்றளவே. நமது மக்களின் சராசரி ஆயுளோ அமெரிக்கருடைய ஆயுளுக்கு ஏறத்தாழ ஒப்பானது. நமது மருத்துவமாதரும், சுகாதாரப் பரிசோதகரும், கிராமத்து ஆஸ்பத்திரியும் சாதித்தது அது. இங்கே பள்ளிவாசல் முற்றத்தில் சால்வை விரிக்கிறார்கள்; அங்கே சத்திரசிகிச்சைக்காக இணையத்தின் வழியே ஊருலகத்திடம் கையேந்துகிறார்கள். வைத்தியம் உரிமையென்று எழுதப்படாத இடத்தில், செல்வ நாடாயினும் வறிய நாடாயினும், நோயாளி இரப்பாளியாகிறான்.

நமது நாட்டில் அது எழுதப்பட்டிருக்கிறதா? சட்டம் பயின்றோர் என்னும் வகையில் இதனை வெளிப்படையாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். எழுதப்படவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளை அடுக்குகிறது. அங்கே சுகாதாரம் இல்லை. 27ஆம் உறுப்புரை அரச கொள்கைகளை அடுக்குகிறது, உணவு, உடை, உறையுள், கல்வி யாவும் அங்கே பெயர் பெறுகின்றன, வைத்தியம் பெறவில்லை. பெற்றிருந்தாலும் அக்கொள்கைகளைக் கொண்டு வழக்காட முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை அடைத்துவிடுகிறது. 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் ஒரு நிருவாக ஏற்பாடேயன்றி நோயாளியின் உரிமைப் பத்திரம் அன்று. யாவருக்கும் சுகாதார உரிமை உண்டெனக் கூறும் சர்வதேச உடன்படிக்கையை இந்நாடு 1980ஆம் ஆண்டில் ஏற்றது. உலக அரங்கில் ஏற்றதை உள்நாட்டுச் சட்டத்தில் ஏற்கவில்லை. ஆகவே, நாளை ஓர் அரசாங்கம் ஆஸ்பத்திரிக் கட்டணம் விதிக்குமாயின், நம் விவசாயி நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட ஒரு வரி இல்லை.

எழுதிவைத்தால் மருந்து வந்துவிடுமா என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. தென்னாபிரிக்கா தனது 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பில் வைத்திய உரிமையை எழுதியது. மறு ஆண்டே இரத்தச் சுத்திகரிப்பு மறுக்கப்பட்ட டர்பன் நகரத்துச் சிறுநீரக நோயாளி ஒருவர் வழக்காடித் தோற்றார். உள்ள இயந்திரங்கள் எல்லாருக்கும் போதா என்பதை நீதிமன்றம் ஏற்றது. உரிமை என்பது பொன் காய்க்கும் மரம் அன்று என்பதை நாம் ஒப்புகிறோம். ஆனால், 2002ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம், தாயிடமிருந்து சேய்க்கு எயிட்ஸ் கிருமி தொற்றுவதைத் தடுக்கும் மருந்தைச் சில ஆஸ்பத்திரிகளோடு நிறுத்திவைத்திருந்தது தவறென்று கூறி, அதனைப் பரவலாக வழங்க ஆணையிட்டது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கவும், அதற்கு அரசாங்கம் மறுமொழி சொல்லவும் ஒரு மேடை கிடைத்ததே அவ்வுரிமையின் பயன்.

அண்டை நாட்டிலும் உதாரணம் உண்டு. வங்காளத்தில் 1992ஆம் ஆண்டில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, கட்டில் இல்லை, வசதி இல்லை என்று அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்தே உயிர் பிழைத்தார். அவருடைய தொழிலாளர் சங்கம் வழக்காடியது. அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் தீர்த்து, 25,000 ரூபா நட்டஈடும் வழங்கச் செய்தது. நமது உயர் நீதிமன்றமும் 2003ஆம் ஆண்டில், உயிர் வாழும் உரிமை அரசியலமைப்பில் உள்ளுறைந்து கிடப்பதாகக் கூறியிருக்கிறது. விதை இருக்கிறது, நீர் பாய்ச்சுவாரே இல்லை.

பிறரைக் குறைகூறிவிட்டு நம் வீட்டை மறைப்பது நமது வழக்கமன்று. கல்முனை ஒரே நகரம். அங்கே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று. வடக்கு ஆதார வைத்தியசாலை இன்னொன்று. இரண்டிலும் அயராது உழைக்கும் வைத்தியரும் தாதியரும் இருக்கின்றனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து இம்மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன நாளில், காயப்பட்டு வந்தவன் தமிழனா முஸ்லிமா என்று எவரும் கேட்டிலர். கேட்பவர் அரசியல்வாதிகளே. அவர்களுக்கு ஓர் இயந்திரம் வந்தால் உங்களுக்கு வேண்டாமா என்று இருபக்க மேடைகளிலும் முழங்குகிறார்கள். அம்மேடைகளில் நாமும் நின்றிருக்கிறோம், கைதட்டும் வாங்கியிருக்கிறோம். அதனை இன்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். இந்தப் போட்டியினால் எந்த நிபுணரும் கூடுதலாக வரவில்லை. இரு சமூகத்து நோயாளியும் ஒரே வானில் மட்டக்களப்புக்குப் போவதே கண்ட பலன்.

கேட்க வேண்டிய மன்றமும் இல்லாதுபோயிற்று. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாண சபைக்கு உரியது. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017ஆம் ஆண்டில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. மாகாண ஆஸ்பத்திரியில் மருந்தில்லை என்று கேட்க மக்கள் தெரிந்த ஒருவரேனும் இல்லாமல், ஆளுநரின் கையில் அதிகாரம் தங்கிற்று.

ஆகவே, நாம் வேண்டுவன இவை. ஒன்று: வைத்தியம் பெறும் உரிமையை அடிப்படை உரிமையாக அரசியலமைப்பில் எழுதுதல், அவசர சிகிச்சையை எவருக்கும் எவ்விடத்தும் மறுத்தலாகாது என்றும் எழுதுதல். இது ஆகாத காரியமன்று. 2015ஆம் ஆண்டில் தகவலறியும் உரிமையைச் சேர்த்த பாராளுமன்றம் உயிர் காக்கும் உரிமையையும் சேர்க்கலாம். இரண்டு: ஒவ்வோர் அரசாங்க ஆஸ்பத்திரியின் வாசலிலும், கையிருப்பில் இல்லாத மருந்துகளையும் பழுதுபட்ட இயந்திரங்களையும் மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்தல். மூன்று: கல்முனையின் இரு ஆஸ்பத்திரிகளும், எந்த நிபுணத்துவம் எங்கே என்று பேசிப் பகிர்ந்துகொள்ளுதல். நான்கு: மாகாண சபைக்குத் தேர்தல். ஐந்து: மாலையில் தனியே தொழில் பார்க்கும் வைத்தியர்களின் கட்டணத்துக்கு வரம்பு. நமது வைத்திய நண்பர்கள் இதனால் கோபங்கொள்ளக்கூடும். இலவசக் கல்வியால் வைத்தியரானவர்கள், இலவச வைத்தியத்துக்குக் கடன்பட்டவர்கள் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

இலவசம் என்னும் சொல்லே பொருந்தாது என்பதையும் விவசாய நண்பர்களுக்குக் கூறுவோம். 2024ஆம் ஆண்டு முதல் பெறுமதி சேர்வரி 18 வீதம். நீங்கள் பசிக்கு வாங்கும் பிஸ்கற்றிலும், உடைக்கு வாங்கும் துணியிலும் ஆஸ்பத்திரிக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டீர்கள். கட்டிய பணத்துக்குரியதைக் கேட்பவன் இரப்பவன் அல்லன்.

அரசியலமைப்பு மாறும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இன்று நம் கையிலிருக்கிறது. எந்த மருந்து எத்தனை நாளாக இல்லை, எப்போது வரும் என்று எழுத்தில் கேட்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விடயமாயின் 48 மணி நேரத்தில் மறுமொழி தருதல் வேண்டும். 'வெளியில் வாங்குக' என்று எழுதிய துண்டு எவர் கையில் இருக்கிறதோ, அவர் அத்துண்டுடன் நமது காரியாலயத்துக்கு வரட்டும். விண்ணப்பத்தை நாம் எழுதித் தருவோம். ஒரு சதமும் பெறமாட்டோம். இப்பிரதேசத்துச் சட்டத்தரணிகள் அனைவரும், தமிழரும் முஸ்லிம்களும், கிழமைக்கு ஒரு மணி நேரத்தை இப்பணிக்குத் தருமாறு அழைக்கிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சால்வை விரிக்கப்படும். அதில் இடுங்கள், நாமும் இடுவோம். இட்ட பின், அங்கே நின்று பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தப் பணத்தை நாம் ஏற்கெனவே அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டோம் அல்லவா, அது எங்கே போயிற்று?